பச்சை டிக்கை நம்பினேன்: 9,500 ரூபாயும் போச்சு, நாலரை மாதக் கணக்கும் போச்சு

கோபத்தில்தான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள் நாலைந்து, ஒரு பாத்திரக்கடை. டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் பில் ஏற்றுவது, மாதாமாதம் ஜிஎஸ்டி போடுவது, இதுதான் பிழைப்பு. சனிக்கிழமை ராத்திரியானால் டேட்டா ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் காப்பி எடுத்து, கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். ஒரு வாரம் சிவப்பு பென்டிரைவ், மறு வாரம் கறுப்பு. என் பெண் கூடச் சிரிப்பாள்.

மார்ச் கடைசியில் கறுப்பு மக்கர் செய்தது. ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகச் சோம்பல்பட்டு, ராயபுரம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் புதிது கேட்டேன். பெயர் வேண்டாம். பிரிண்டர் இங்க், சிசிடிவி, லேப்டாப் ரிப்பேர் எல்லாம் ஒரே ஷட்டருக்குள் நடக்கிற மாதிரிக் கடை. "பென்டிரைவெல்லாம் எந்தக் காலத்துலக்கா? ஆட்டோமேட்டிக் பேக்கப் போட்டுத் தர்றேன், நீங்க மறந்தாலும் அது மறக்காது" என்றான் பையன். ஒரு டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க், சாஃப்ட்வேர், வீட்டுக்கு வந்து போட்டுத் தருவது, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். ரசீதில் "பேக்கப் செட்டப்" என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

வந்தான், டீ குடித்தான், போட்டான். டேட்டா ஃபோல்டருக்குள் "அக்கா" என்று ஒரு நோட்பேட் ஃபைல் உண்டாக்கினான். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் திறந்து காட்டினான், அங்கேயும் "அக்கா". பக்கத்தில் குட்டியாக ஒரு பச்சை டிக். "கண்ணு முன்னாடியே பாருங்கக்கா. இனிமே பென்டிரைவு இன்னாத்துக்கு?" அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அந்த வாரத்தோடு சனிக்கிழமைக் காப்பியை விட்டுவிட்டேன். அந்த "அக்கா" ஃபைலை அழித்துக் காட்டு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அழித்திருந்தால் டிஸ்க்கிலும் மறைந்திருக்கும், அந்த நிமிஷமே எனக்குப் புரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை.

ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனை விவரம், போட்டு முடித்த மறுநாள், ஆகஸ்ட் 12 சாயங்காலம், மழைக்கு கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தது (அது என் தப்புதான்). இருப்பதிலேயே பெரிய துணிக்கடையின் கணக்கு அப்போது திறந்திருந்தது. கரண்ட் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் அந்தக் கம்பெனி மட்டும் திறக்கவில்லை, எரர். கெட்ட டேட்டாவைச் சரிசெய்ய டேலியிலேயே இருக்கிற ரீரைட் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. சரி, பேக்கப் இருக்கிறதே என்று நிதானமாகத்தான் டிஸ்க்கைத் திறந்தேன். அங்கேயும் அதே கெட்ட ஃபைல். அதே நேரம், அதே சைஸ். பக்கத்தில் பச்சை டிக்!

கம்ப்யூட்டர் ஆன் ஆனதுமே அந்த சாஃப்ட்வேரும் எழுந்திருக்கிறது. ஃபைல் மாறியிருப்பதைப் பார்த்து, நான் டேலியைத் தொடுவதற்கு முன்பே, நல்ல காப்பியின் மேல் கெட்டதை எழுதிவிட்டது. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் டிக். அழித்தால் அங்கேயும் அழியும், கெட்டால் அங்கேயும் கெடும். இதற்குப் பெயர் சிங்க், பேக்கப் இல்லை. இதை எனக்குச் சொல்ல 9,500 ரூபாய் வாங்கின யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். காசு வாங்கும்வரை அக்கா, இப்போது மேடம். "மேடம், சாஃப்ட்வேர் அதோட வேலையைத்தானே செஞ்சிருக்கு?" வயிறு எரிந்தது, ஏனென்றால் அது உண்மை. ஓனரைக் கேட்டால் வெளியே போயிருக்கிறார். மத்தியானம் போனால் சாப்பிடப் போயிருக்கிறார். ராத்திரி போனை எடுத்தார்: ரசீதுக்குப் பின்பக்கம் பாருங்கம்மா, டேட்டாவுக்குக் கடை பொறுப்பில்லை. பார்த்தேன், எறும்பு சைஸில் இருக்கிறது. "பழைய ஃபைல்தானே, ரெகவரி போட்டுப் பார்க்கலாம், தனி சார்ஜ் ஆகும்" என்றார். இன்னும் காசு!

வீட்டுக்கு வந்து அந்த சாஃப்ட்வேரை நானே குடைந்தேன். வெர்ஷனிங் என்று ஓர் இடம். மாறின ஃபைலின் பழைய காப்பிகளைத் தனியாக எடுத்து வைக்கும் வசதி. அதில் "இல்லை" என்று இருந்தது. ஒரே ஒரு க்ளிக். அதைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் எனக்கு அரை நாள் வேலையோடு போயிருக்கும். இன்னொன்று, அந்த சாஃப்ட்வேர் இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 9,500 ரூபாய்.

சிவப்பு பென்டிரைவில் மார்ச் கடைசி வாரத்துக் காப்பி இருக்கிறது, அதுதான் இப்போதைக்கு என் சாமி. அதற்குப் பிறகான ஒவ்வொரு பில்லையும் திரும்ப ஏற்ற வேண்டும். விற்பனையை போர்ட்டலில் ஏற்கெனவே போட்ட ஜிஎஸ்டிஆர்-1-ஐ வைத்தும், கொள்முதலை 2பி-யை (விற்றவர்கள் போட்டதை வைத்து போர்ட்டல் தருகிற பட்டியல்) வைத்தும் ஓரளவு சரிபார்க்கலாம். ரொக்கச் செலவுக்கு எங்கே போவது?

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், நேரமில்லை. பேக்கப் என்று யாராவது விற்றால் ஒரு ஃபைலை அழித்துவிட்டு, நேற்றைய காப்பியை எடுத்துக் காட்டு என்று கேளுங்கள். டேலிக்காரர்கள் டேலிக்குள்ளேயே இருக்கிற பேக்கப்பை எடுங்கள், தேதி போட்டுத் தனித்தனியாக வையுங்கள். டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். யுபிஎஸ் பேட்டரியைப் பாருங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

துணிக்கடைப் பையன் பில் மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டான். இன்று 16, இருபதுக்குள் 3பி, அதாவது மாத வரிக் கணக்கு, போட்டாக வேண்டும்.