டிஜிட்டல் பிடிவலுமானி: செய்முறை வகுப்பில் ஒரு மதிப்பீடு

உடலியங்கியல் செய்முறை வகுப்புக்காக 3,000 ரூபாய்க்குள் இணையத்தில் வாங்கிய டிஜிட்டல் பிடிவலுமானி, எங்கள் ஆய்வகத்தில் இப்போது அன்றாடப் பயன்பாட்டில் உள்ளது. கையின் பிடிவலுவை 90 கிலோ வரை அளக்கும் இக்கருவியை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கைப்பிடி கண்ணுக்குத் தெரியுமளவு நகர்வதில்லை. எட்டிய உச்ச அளவு திரையில் அப்படியே நிற்கிறது. உடற்பயிற்சிக்கான சுருள்வில் பிடிகளில் அழுத்த அழுத்தத் தசையின் நீளமும் மாறிக்கொண்டே போகும். இக்கருவியில் நீளம் ஏறக்குறைய மாறாமல் இருப்பதால், ஒரு குறிப்பிட்ட நீளத்தில் தசை எவ்வளவு விசை தருகிறது என்பதைத் தனியாகப் பார்க்க முடிகிறது.

மணிக்கட்டைச் சற்றே பின்னோக்கி உயர்த்தி அழுத்தி 36 கிலோ காட்டிய மாணவர் ஒருவர், அதே மணிக்கட்டை உள்பக்கம் நன்றாக மடக்கிக்கொண்டு அழுத்தியபோது, பல்லைக் கடித்து முயன்றும் 17-ஐத் தாண்டவில்லை. விரல்களை மடக்கும் முதன்மைத் தசைகள் முன்கையில் இருக்க, அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்தே விரல்களுக்கு வருகின்றன. ஆகவே மணிக்கட்டு மடங்கியதுமே, பிடிப்பதற்கு முன்பாகவே, அத்தசைகள் குறுகிவிடுகின்றன. குறுகிய தசையிழையின் ஒவ்வொரு சார்க்கோமியரிலும் (சுருங்கும் சிற்றலகு) இரு முனைகளிலிருந்தும் வரும் ஆக்டின் என்ற மெல்லிய புரத இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவற்றை இழுக்கும் மயோசின் என்ற தடித்த புரத இழைகளுடன் முறையாகப் பிணைவதைக் கெடுக்கின்றன. அளவுக்கு மீறி நீண்டாலோ, ஆக்டினை எட்டும் மயோசின் தலைகளே குறைந்துபோகும். கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் ஆகிய மூவரும் 1966-இல் தவளையின் தனித் தசையிழையில் இதை அளந்து, சார்க்கோமியர் நீளம் ஏறத்தாழ 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது விசை உச்சத்தில் நிற்பதையும், 3.65 மைக்ரோமீட்டர் அளவில் அது இல்லாமலே போவதையும் காட்டினர். உயிருள்ள கையில் நெம்புகோல் தூரமும் (மூட்டின் மையத்திலிருந்து தசைநாண் வரையிலான தூரம்) பிடியின் அமைப்பும் சேர்ந்தே மாறுவதால், திரையில் தெரியும் வீழ்ச்சி முழுவதையும் இழை நீளத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதையும் வகுப்பில் சொல்லிவிடுவது நல்லது.

குறை, கைப்பிடியின் அகலத்தை மாற்றும் திருகில் இருக்கிறது. மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் ஜமார் என்ற பிடிவலுமானியில் அரை அங்குல இடைவெளியில் ஐந்து நிலைகள் உண்டு. பொதுவாக இரண்டாம் நிலையில் வைத்தே அளப்பார்கள். இக்கருவியின் திருகோ அடையாளமே இல்லாமல் வழவழவென்று சுற்றுகிறது. அடுத்தவர் கைக்கு ஏற்ப மாற்றிவிட்டால், பழைய அகலத்துக்குத் திரும்ப வழியில்லை. கையேட்டில் வயதுவாரியாக ‘வலு குறைவு’, ‘இயல்பு’ என்று அட்டவணை போட்டவர்கள், எந்த அகலத்தில் அளந்த எண்கள் அவை என்று ஒரு வரி எழுதவில்லை. முதியோரின் தசை இழப்பைக் கணிக்கும் ஆசியச் செயற்குழுவின் 2019 வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவும் பெண்களுக்கு 18 கிலோவும் எல்லைகள்; பிடிவலு அதற்குக் கீழே போனால் ‘வலு குறைவு’. அந்த எல்லையை ஒட்டி நிற்கும் ஒருவருக்கு, அகல மாற்றத்தால் வரும் ஓரிரு கிலோ முடிவையே புரட்டிவிடக்கூடும்.

வெர்னியர் அளவுகோலால் அகலத்தை அளந்து, திருகின் ஓரத்தில் நகப்பூச்சால் கோடுகள் இட்டபின் வகுப்புத் தேவைக்கு இது போதுமானதாகிவிட்டது. நோயாளியின் முன்னேற்றத்தை மாதக்கணக்கில் பதிவுசெய்யும் இயன்முறை மருத்துவர்கள், விலை கூடுதலானாலும் நிலையான படிகள் கொண்ட கருவியையே வாங்க வேண்டும்.