ஹெல்வெட்டிகாவும் ஏரியலும்

எழுத்துருப் பிரியர்கள் பலர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஹெல்வெட்டிகாவும், முகம் சுளிக்கும் ஏரியலும் முதற்பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகளாகவே தோன்றும். 1957-இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்த ஹெல்வெட்டிகாவில், ஆங்கிலத்தின் சிறிய 'சி' (c), 'இ' (e), 'எஸ்' (s) ஆகியவற்றின் முனைகள் கிடைமட்டமாக வெட்டப்பட்டிருப்பதால், சொல் முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இறுகி நிற்கிறது. 1982-இல் மோனோடைப் நிறுவனத்தில் ராபின் நிக்கோலஸும் பட்ரீசியா சாண்டர்ஸும் உருவாக்கிய ஏரியலிலோ அம்முனைகள் சாய்வாக முடிகின்றன. பெரிய 'ஆர்' (R) எழுத்தின் காலும் நேராக இறங்காமல் சரிந்து நீள்கிறது. எழுத்துகளின் அகலத்தை ஹெல்வெட்டிகாவுக்கு இணையாக அமைத்ததே 'நகல்' என்ற பழிக்குக் காரணம். 1992 முதல் விண்டோஸுடனேயே வந்ததால், யாரும் தேர்ந்தெடுக்காமலே பயன்படுத்தும் எழுத்துரு என்ற ஏளனமும் சேர்ந்துகொண்டது. ஆயினும், திரையில் சிறிய அளவில் படிக்கும்போது ஹெல்வெட்டிகாவின் மூடிய வளைவுகள் என் கண்ணைக் குழப்புகின்றன. அங்கே ஏரியலே எனக்கு வசதி.