நாற்பதாயிரம் ரூபாய் மடிக்கணினிக்கு எந்தக் கடன்? குழு, கூட்டுறவு, சீட்டு, தவணை அட்டை

பார்வையற்ற ஒருவருக்கு மடிக்கணினி வாங்கக் கடன் தேடும்போது முதலில் விலையைச் சரியாகப் போட வேண்டும். திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கே பெருந்தொகை ஆகும் என்று பல சுயஉதவிக் குழுக்கள் இன்னும் நினைக்கின்றன. விண்டோஸில் இயங்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது அது. இஸ்பீக் தமிழ்க் குரல் அதிலேயே இருக்கிறது. அதன் கரகரப்பு பிடிக்காதவர்கள் விண்டோஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்து ‘வள்ளுவர்’ குரலை இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் உண்டு. விலை கொடுத்து வாங்கும் ஜாஸ் திரைவாசிப்பான், வேலை தரும் நிறுவனம் கேட்டால் மட்டுமே தேவை. அதையும் அந்த நிறுவனத்தின் தலையில் கட்டுவதே நியாயம்.

ஆக, கடன் இயந்திரத்துக்கு மட்டும்தான். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, வலப்பக்கம் எண் விசைகள் தனியாக உள்ள விசைப்பலகை: இந்த மூன்றில் சமரசம் வேண்டாம். 4 ஜிபியில் மிச்சம் பிடித்தால் விசையை அழுத்தி ஒரு நொடி கழித்துத்தான் குரல் வரும். திரையைப் பார்ப்பவருக்கு அது சின்ன எரிச்சல், காதால் படிப்பவருக்கோ வேலையே ஓடாது. நம் கணக்குக்கு இயந்திரம் ரூ.35,000, கூடுதல் உத்தரவாதம் ரூ.2,000, ஹெட்ஃபோன் ரூ.1,000, பழுதுக்கென ஒதுக்கி வைக்க ரூ.2,000 என மொத்தம் ரூ.40,000 வைத்துக்கொள்வோம். கடைசி ரூ.2,000 எதற்கு என்பது பின்னால் வரும்.

கடனுக்கு முன் இலவசத்தையும் பார்த்துவிட வேண்டும். 1981 முதல் நடக்கும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்கள், வருமான வரம்புக்குள் இருந்தால், உபகரணங்களைப் பெறலாம். ஒரு பொருளை வாங்கிவிட்டால் அதே தேவைக்கு மூன்று ஆண்டுகள் மறுபடி கேட்க முடியாது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஓராண்டு. முகாம் எப்போது வரும், அதில் என்ன மாதிரி வரும் என்பது நம் கையில் இல்லை. கைத்தடிக்கும் பிரெய்லி சிலேட்டுக்கும் காத்திருக்கலாம். ஜூன் மாதம் கல்லூரி திறக்கும் மாணவர் மடிக்கணினிக்காகக் காத்திருக்க முடியாது.

இனி வட்டி. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் குழுவில் ரூ.40,000 வாங்கி, மாதம் ரூ.2,000 அசல் வீதம் 20 மாதத்தில் அடைத்தால், மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடும்போது மொத்த வட்டி ரூ.4,200. அதே ஒரு ரூபாய் வட்டியைக் குறையாமல் முழு அசலுக்கும் கடைசிவரை போட்டால் ரூ.8,000. இது கிட்டத்தட்ட இரண்டு ரூபாய் வட்டிக்குச் சமம். பதிவேட்டில் ‘1 ரூ. வட்டி’ என்று மட்டும் எழுதியிருக்கும் குழுக்களில் பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. குறையும் வட்டியா, குறையா வட்டியா என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டுறவு வழி இதைவிட மலிவு. 1997ல் தொடங்கிய தேசிய ஊனமுற்றோர் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் (பழைய சுருக்கப் பெயரான என்.எச்.எஃப்.டி.சி. என்றால்தான் பலருக்குத் தெரியும், இப்போது என்.டி.எஃப்.டி.சி.) கடன், தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கிகள் வழியாக வருகிறது. ரூ.50,000 வரை ஆண்டுக்கு 5 சதவீதம். அதே 20 மாதத்துக்கு ரூ.1,750தான் வட்டி. 36 மாதமாக நீட்டினால் முதல் தவணை சுமார் ரூ.1,280, மொத்த வட்டி ரூ.3,080 சொச்சம். குழுவில் 36 மாதம் கேட்டால் வட்டி ரூ.7,400 ஆகிவிடும், அவ்வளவு நீண்ட தவணைக்குப் பெரும்பாலான குழுக்கள் ஒத்துக்கொள்வதும் இல்லை.

பிறகு ஏன் எல்லோரும் கூட்டுறவு வங்கிக்கே போவதில்லை? காகிதமும் ஜாமீனும்தான் காரணம். யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, கடையின் விலைப்புள்ளி, இந்தக் கருவியால் வருமானம் எப்படி வரும் என்று ஒரு பக்கத் திட்டம், அதன்மேல் ஜாமீன்தாரர். சில மாதம் இழுப்பது சாதாரணம். விலைப்புள்ளி அதற்குள் காலாவதி ஆகி, கடையில் அந்த மாடலே நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து அலைய நேரும். மாடல் பெயரோடு ‘அல்லது இதற்கு இணையானது’ என்று விலைப்புள்ளியிலேயே கடைக்காரரிடம் எழுதி வாங்கினால் இந்த அலைச்சலில் ஒன்று குறையும். பார்வையில்லை என்பதற்காகக் கடனையோ காசோலைப் புத்தகத்தையோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மேலாளர் தயங்கினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

குழுவின் பலம் வேகம், பலவீனம் கையிருப்பு. சாதாரணக் குழுவுக்கு 10 முதல் 20 பேர் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் குழுவுக்கு 5 பேர் போதும், ஆண்களும் பெண்களும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் ஐந்து பேர் மாதம் ஆளுக்கு ரூ.200 சேமித்தால் ரூ.40,000 சேர 40 மாதம் ஆகும். பத்துப் பேர் என்றாலும் 20 மாதம். சுழல்நிதியோ வங்கி இணைப்புக் கடனோ வராத குழு மடிக்கணினிக்குக் கடன் கொடுத்தால், அடுத்த ஓராண்டுக்கு மற்றவர்களின் மருத்துவச் செலவுக்குக்கூடப் பெட்டியில் பணம் இருக்காது. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவருக்குக் கொடுப்பதில்லை என்ற விதி கறாராகத் தோன்றினாலும் குழுவைக் காப்பாற்றும்.

ஆகவே எங்கள் தேர்வு இது: மடிக்கணினிக்குக் கூட்டுறவு வங்கி, கைபேசிக்குக் குழு. ரூ.10,000 கைபேசியைப் பத்து மாதத்தில் அடைத்தால் ஒரு ரூபாய் வட்டிக்கு ரூ.550தான். மாதம் ரூ.1,500 உதவித்தொகை மட்டுமே வருமானம் என்றால் தவணை அதில் பாதியைத் தாண்டக் கூடாது. 16 மாதம் கொடுங்கள். முதல் தவணை ரூ.725, மொத்த வட்டி ரூ.850. உதவித்தொகையை மட்டும் நம்பி மடிக்கணினிக் கடன் எடுப்பதை எந்த வழியிலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

ஏலச்சீட்டை நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டுவரும் சீட்டு என்றால் பின்மாதங்களில் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) குறைந்தபின் எடுக்கலாம். கருவி அவசரம் என்று மூன்றாம் மாதமே ஏலம் கேட்டால், ரூ.50,000 சீட்டில் ரூ.10,000க்கு மேல் தள்ளிவிட்டு எழுந்து வர நேரிடலாம். பதிவில்லாத சீட்டு வேண்டவே வேண்டாம்.

கடைகளின் தவணை அட்டை பார்ப்பதற்கு எளிது. ‘வட்டியில்லை’ என்ற இடத்தில் செயலாக்கக் கட்டணம் இருக்கும், ரொக்கத் தள்ளுபடியும் கிடைக்காது. இன்னொரு தொல்லை, கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு. 2025 ஏப்ரல் 30ல் உச்ச நீதிமன்றம் இதற்கு மாற்று வழி தர வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. கடை ஊழியருக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவசரத்தில் அண்ணன் பெயரில் கடன் எழுதினால் ரசீதும் உத்தரவாதமும் அண்ணன் பெயருக்கே போகும். மெல்ல மெல்லக் கருவியும் போகும்.

அண்ணன் பெயருக்குப் போகும் இந்தக் கதை குழுக் கடனிலும் நடக்கிறது. தடுக்க வழி உண்டு. பணத்தைக் கையில் கொடுக்காமல் கடையின் வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்புங்கள். ரசீது பயன்படுத்துபவர் பெயரில் இருக்கட்டும். கைபேசியின் ஐஎம்இஐ எண்ணை அல்லது மடிக்கணினியின் வரிசை எண்ணைக் கடன் பதிவேட்டில் ஏற்றுங்கள். பேனாவால் எழுதிய பதிவேட்டைக் கைபேசிச் செயலி எப்போதும் சரியாகப் படித்துக் காட்டாது. ஆகவே ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் கட்டிய தொகையையும் மீதியையும் எழுத்தர் வாட்ஸப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் போதும், அதுவே கடன் வாங்கியவரின் பாஸ்புக்.

தவணை நிற்பதற்கு நேர்மையின்மையைவிடப் பெரிய காரணம் கருவி கெட்டுப்போவது. ஏழாம் மாதம் சார்ஜர் முனை உடைகிறது, வேலை நிற்கிறது, ‘ஓடாத பொருளுக்கு ஏன் கட்டணும்?’ என்ற பேச்சு வருகிறது. ஒதுக்கி வைத்த ரூ.2,000 அதற்குத்தான், அது குழுவிடமே இருக்கட்டும். இரண்டாவது காரணம், பழகாமல் வாங்குவது. கடன் தீர்மானத்துக்கு முன் இரவல் கணினியில் இரண்டு வாரமாவது என்விடிஏ பழகி, ஒரு கடிதத்தை அடித்துச் சேமித்து மறுபடி திறந்து காட்டட்டும்.

திரையில் உள்ளதை விரலால் படிக்கும் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெய்லி காட்சிப்பலகை கேட்பவர்களுக்கு மட்டும் வேறு பதில். விலை மடிக்கணினியைத் தொடும், சிலசமயம் தாண்டும். புள்ளிகள் எழும் துளைகளில் தூசியும் வியர்வையும் ஏறினால் பழுதும் வரும். விரலால் வேகமாகப் பிரெய்லி படிப்பவருக்கே அது பயன். இதைத் தனிக்கடனில் வாங்குவதைவிட, குழுக்களின் கூட்டமைப்பு ஒன்று சொந்தமாக வாங்கி, தேர்வு மாதங்களில் முறைவைத்து மாணவர்களுக்கு இரவல் கொடுப்பது மேல்.