தொளதொள ஸ்வெட்டர்: சாம்பியனா, கூஜியா, மொஹேர் கார்டிகனா?

பழைய ஸ்வெட்டரை இரண்டு சைஸ் கூட்டி வாங்கினால் ஓவர்சைஸ் தோற்றம் தானாக வந்துவிடாது. அகலம் மட்டும் கூடினால்தான் அது ஸ்டைல். நீளமும் சேர்ந்து கூடினால் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்ட தம்பி. அதனால் லேபிளில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் டிஷர்ட்டை விரித்துப் போட்டு, அக்குளுக்கு அக்குள் அளந்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர் அதைவிட 6 முதல் 10 செ.மீ. அகலமாக இருக்கலாம். தோள் தையல் 5 செ.மீ. போலக் கையில் இறங்கட்டும். கீழ்விளிம்பு பேண்ட் ஜிப்பின் பாதியோடு நின்றுவிட வேண்டும்.

இந்தக் கணக்குக்கு மிக நெருக்கமாக வருவது சாம்பியன் நிறுவனத்தின் ரிவர்ஸ் வீவ் ஸ்வெட்ஷர்ட். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் விளையாட்டு அணிகளுக்காக உருவானது. முதல் காப்புரிமை 1938, அடுத்தது 1952. பருத்தித் துணி சலவையில் நீளவாக்கில் சுருங்கும் என்பதால், துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினார்கள். நீளம் தப்பியது, சுருக்கம் அகலத்துக்குப் போனது. விலாவின் இருபுறமும் உள்ள ரிப் பட்டை, அதாவது இழுத்தால் விரியும் வரிப்பின்னல், உடல் அசைய இடம் கொடுக்கிறது. பழையது வாங்குபவருக்குச் சிக்கலும் இங்கேதான்: பலமுறை துவைத்த எக்ஸ்எல், நீளம் குறையாமல் அகலம் மட்டும் குறைந்திருக்கும். நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர். இணையத்தில் வாங்கினால் விற்பவரிடம் அகல அளவைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

துணி கனமானது. இன்றைய ரிவர்ஸ் வீவ் சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ், திருப்பூர்க் கணக்கில் சுமார் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). அந்தக் கனத்தால்தான் தொளதொளப்பாக இருந்தாலும் உடம்போடு ஒட்டாமல் பெட்டி போல நிற்கிறது. கீழே நேர்வெட்டு ஜீன்ஸோ கார்கோவோ போடலாம். பேண்டைத் தட்டையாக வைத்து அளந்தால் காலின் கீழ்வாய் 20 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்கின்னி ஜீன்ஸ் போட்டால் மேல்பாதி மட்டும் பூதாகரமாகத் தெரியும். இடுப்பு ரிப் தளர்ந்த பழைய ஸ்வெட்ஷர்ட் என்றால் விளிம்பு மணி போல விரியும். ரிப்பை உள்பக்கமாக ஒரு மடிப்பு மடித்துவிட்டால் போதும், நீளமும் குறையும்.

கூஜி வேறு ரகம். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய ஸ்வெட்டர் பிராண்ட், 1990களில் புரூக்ளின் ராப்பர் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. (சுருக்கமாக பிக்கி) வழியாகத் தெரு ஃபேஷன் ஆனது. பல நிற நூல்கள் மேடும் பள்ளமுமாகப் பின்னப்பட்டிருப்பதால் துணியே தடிமன். பிக்கி பெரிய உடம்புக்காரர், அவருக்கு அது நிறைந்து நின்றது. ஒல்லியானவர் அதே அளவைப் போட்டால் தோள் சரிந்து, அக்குளில் பின்னல் குவியும். கூஜிக்கு 4 செ.மீ. கூடுதல் போதும். மேலே ஜாக்கெட் வேண்டாம், கை நுழையாது. உள்ளே மெல்லிய டிஷர்ட் ஒன்று மட்டும். பேண்டுக்கு ஸ்வெட்டரில் உள்ள நிறங்களிலேயே மிக அடங்கியதை எடுங்கள். குழப்பமாக இருந்தால் கறுப்பு. போலியைப் பார்க்க உள்பக்கத்தைத் திருப்புங்கள். நிறங்கள் அங்கேயும் நூலாகத் தெரிந்தால் பின்னல். வெளுத்துக் கிடந்தால் அச்சு. லேபிளில் ‘மேட் இன் ஆஸ்திரேலியா’ இருந்தால் அது ஆரம்பகாலத் தயாரிப்பு என்று கொள்ளலாம். விலையும் அதற்கேற்றபடி ஏறும்.

மொஹேர் என்பது அங்கோரா ஆட்டின் மயிர், கார்டிகன் என்பது முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர். மொஹேர் கார்டிகனின் மவுசுக்குக் காரணம் நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன். 1993 நவம்பரில் எம்டிவி அன்பிளக்ட் இசை நிகழ்ச்சியில் அவர் அணிந்த பச்சைக் கார்டிகன் 2019-இல் 3,34,000 டாலருக்கு ஏலம் போனது. அதுவே அக்ரிலிக், மொஹேர், லைக்ரா கலந்த துணிதான். எனவே கலப்பு என்று கேட்டதும் முகம் சுளிக்க வேண்டாம். தளர்ந்த பின்னல் தன் எடையாலேயே நாளடைவில் இறங்கும் என்பதால் ஒரு சைஸுக்கு மேல் கூட்டாதீர்கள். முதுகுப்பை வார் படும் இடத்தில் மயிரிழைகள் சிக்குப்பிடிக்கும், கறுப்பு பேண்டில் உதிரும். நடுப் பொத்தான்கள் இரண்டை மட்டும் போட்டு, உள்ளே சாயம் போன டிஷர்ட் அணிந்தால் சரியாக விழும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சாம்பியன். கூஜியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள், வாரம் இருமுறை போட முடியாது. கார்டிகனுக்குப் பொறுமை வேண்டும்.

சாம்பியனை உள்வெளி புரட்டி மெஷினில் போடலாம். மற்ற இரண்டையும் குளிர்ந்த நீரில் கம்பளி துவைக்கும் திரவம் கலந்து, கசக்காமல் அமுக்கித் துவைக்க வேண்டும். வெந்நீரும் தேய்ப்பும் கம்பளி இழையின் செதில்களை ஒன்றோடொன்று கோத்துத் துணியைச் சுருக்கிக் கெட்டியாக்கிவிடும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் வைத்துச் சுருட்டி ஈரத்தை எடுங்கள். தட்டையாக விரித்தே உலர்த்துங்கள். ஹேங்கரில் மாட்டினால் நீளம் கூடும், தோளில் இரண்டு கூம்புகள் முளைக்கும். அலமாரியிலும் மடித்தே வையுங்கள்.