பேச்சு வராத பிள்ளையும் நைட் ஷிப்ட் வீடும்: மாவட்ட இடையீட்டு சேவை மையம் எப்படி?

திருப்பூர், பல்லடம், சோமனூர், அவிநாசிப் பக்கம் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, நடை தாமதம் என்றால் முதலில் கயிறு கட்டுவார்கள், அப்புறம் தனியார் தெரபி சென்டருக்குப் போவார்கள். இரண்டுக்கும் முன்னால் போக வேண்டிய இடம் மாவட்ட இடையீட்டு சேவை மையம். பெரும்பாலும் மாவட்ட அரசு மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே இருக்கும். காசு கிடையாது. 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் வருவது, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடம் இரண்டு முறை, அரசுப் பள்ளிக்கு ஒரு முறை வந்து, சந்தேகப்பட்ட பிள்ளையை இங்கே அனுப்பும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை, நேராகவும் போகலாம்.

பரிசோதனையில் குறை சொல்ல அதிகம் இல்லை. குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது-பேச்சு நிபுணர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஏதாவது ஒரு பணியிடம் காலியாகக் கிடப்பதும் உண்டு. அது பேச்சு நிபுணராக இருந்துவிட்டால் பாதி வேலை நின்றுபோகும். ஆகவே போகும் முன் அவர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பேச்சுக்குப் போனால் காதைச் சோதிக்கிறார்களே என்று பலர் சலித்துக்கொள்வார்கள். அந்த வரிசைதான் சரி. காது கேட்காத பிள்ளைக்கு அதைக் கவனிக்காமல் எத்தனை மாதம் பேச்சுப் பயிற்சி கொடுத்தாலும் வீண். காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். முந்தின ராத்திரி லேட்டாகப் படுக்க வைத்து, காலையில் நேரமே எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போனால் ஒரே நாளில் முடியும்; பஸ்ஸிலேயே தூங்கிவிட்டால் இன்னொரு நாள் சம்பளம் போச்சு. ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். 2 முதல் 5 வயதுக்குள் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளை மந்தமாக, கவனமில்லாமல் இருக்கும். அதை மூளை வளர்ச்சிக் குறை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

உளவியலாளர் எடுக்கும் வளர்ச்சி மதிப்பெண்ணில் ஒரு கோளாறு இருக்கிறது. புது இடம், வெள்ளைக் கோட்டு, பசி, தூக்கக் கலக்கம் இத்தனைக்கும் நடுவே எடுத்த எண் பிள்ளையின் முழுத் திறனைக் காட்டாது. பயந்த பிள்ளை தெரிந்ததையும் செய்யாது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையைத் தமிழில் கேட்டால் எண் இன்னும் இறங்கும். வீட்டு மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஒரே உட்காரலில் வந்த எண்ணை முடிவாக எடுக்காமல், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 2 வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத்தான் வயது கணக்கிட வேண்டும்.

பெரிய குறை வேறு. பிள்ளையை அளக்கிறார்கள், வீட்டைக் கேட்பதில்லை. படிவத்தில் பிரசவம், எடை, தடுப்பூசி எல்லாம் இருக்கும். ராத்திரி பிள்ளை யார் பக்கத்தில் படுக்கிறது என்ற கேள்வி இருக்காது.

அந்தக் கேள்வி ஏன் வேண்டும்? பயந்தால் உடம்பில் கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் ஏறும். பெரியவர் ஒருவர் தூக்கி அணைத்தால் இறங்கிவிடும். ஏறி இறங்குவதால் கெடுதல் இல்லை. தினமும் சண்டை, குடித்துவிட்டு வரும் அப்பன், வாசலில் நின்று சத்தம் போடும் தவணைக்காரர், நைட் ஷிப்ட் முடிந்து வந்து கண் சொருகும் அம்மா என்று போகிற வீட்டில் தூக்கவும் ஆள் இல்லாவிட்டால் அது இறங்குவதே இல்லை. மாதக்கணக்கில் அப்படியே நின்றால் நினைவு, கவனம், தன்னை அடக்கிக்கொள்வது ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் அடிபடும். பயத்தைப் பார்த்துக்கொள்ளும் பகுதி மட்டும் எந்நேரமும் விழித்துக் கிடக்கும்.

வெளியே இது இரண்டு விதமாகத் தெரியும். ஒன்று, ஓர் இடத்தில் உட்காராமல் அடிப்பதும் கடிப்பதுமாக இருக்கும் பிள்ளை. இதற்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்பு) என்ற பேர் சீக்கிரம் விழும். இன்னொன்று, "ரொம்ப நல்ல பையனுங்க, சத்தமே போட மாட்டான்" என்று பாட்டி பெருமையாகச் சொல்லும் பிள்ளை. விழுந்தாலும் அழாது, யாரிடமும் ஓடி வராது, கூப்பிட்டால் திரும்பாது. ஆட்டிசமா என்று பார்க்கவே வேண்டும். அழுதால் யாரும் வருவதில்லை என்று கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இந்த இரண்டாம் வகைதான் யார் கண்ணிலும் படாமல் போகிறது. 4 வயதில் நின்றிருந்த படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவதும், வந்த பேச்சு நின்றுபோவதும் உடனே சொல்ல வேண்டியவை.

கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ஷிப்ட் நேரம், பகலில் பார்த்துக்கொள்வது யார், எத்தனை முறை வீடு மாறினீர்கள், மொபைல் எத்தனை மணி நேரம், வீட்டில் குடி, அடிதடி. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கடைசி இரண்டும் வாயில் வராது. "தனியாப் பேசோணுங்க" என்று உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். வீட்டு நிலவரம் தெரிந்தால் அவர்கள் சொல்லும் பயிற்சியே மாறும்.

தொடர் சிகிச்சையில்தான் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்கள். வாரம் ஒருமுறை வரச் சொல்வது காலை ஓ.பி. நேரத்தில். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலி. இரண்டு முறை வருவார்கள், மூன்றாவது நின்றுவிடும். இதற்குக் குடும்பத்தைக் குறை சொல்வது சரியில்லை. மாதம் ஒரு ஞாயிறு வைத்தாலே பாதிப் பேர் விடாமல் வருவார்கள். அதுவரைக்கும் பகலில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மாயியையோ அப்பத்தாவையோ ஒருமுறையாவது உள்ளே கூட்டிப் போய்ப் பயிற்சியைக் காட்டச் சொல்லுங்கள். அனுமதி கேட்டு செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பயிற்சியை லேசாக நினைக்க வேண்டாம். ஜமைக்காவில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் செய்த விளையாட்டுச் சாமான்களை வைத்து விளையாடத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடம், அவ்வளவுதான். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளின் வருமானம், பயிற்சி கிடைக்காதவர்களைவிடச் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது.

இங்கே சாமானுக்குப் பஞ்சமில்லை. நூல் தீர்ந்த காலி கோன் ஐந்தாறு எடுத்துத் தூசியும் பஞ்சும் போகக் கழுவிக் காயவையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகச் சொல்லுங்கள். செருகும் ஒவ்வொரு தடவையும் "மேலே", "கீழே", "உழுந்துருச்சு!" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, பிள்ளை ஏதாவது சத்தம் கொடுக்கும்வரை ஐந்து விநாடி நிறுத்துங்கள். வந்த சத்தத்தைத் திருப்பிச் சொல்லுங்கள். அந்த நிறுத்தம்தான் பயிற்சி. பெரும்பாலும் தவறுவதும் அங்கேதான், பெரியவர்களே கடகடவென்று பேசி முடித்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் அதே நேரத்தில் இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் குறையும். பட்டன், சின்ன மணி மட்டும் வேண்டாம், தொண்டையில் மாட்டும்.

2 வயது ஆனதும் அங்கன்வாடியில் சேர்த்துவிடுங்கள். வெளிமாநில ஆதார் என்று யாராவது தயங்கினாலும் விடாமல் கேளுங்கள். வீட்டில் அடி நடக்கிறது என்றால் இந்த மையம் போதாது, குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். அம்மாவுக்கே தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.