சென்னையிலிருந்து வடக்கே ரயிலில்: முக்கோணமா, ஒரே கோடா?

வடக்கே நாலு பழைய ஊர்களைப் பார்க்க வேண்டும், விமானம் வேண்டாம், செலவு கையைக் கடிக்கவும் கூடாது. இப்படி யார் கேட்டாலும் முதலில் கிடைக்கும் பதில் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர். 'தங்க முக்கோணம்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. நாங்களும் 2019 ஜனவரியில் அதைத்தான் சுற்றினோம். போன வருடம் பிப்ரவரியில் அதை விட்டுவிட்டு, சென்னையிலிருந்து தில்லி போகிற தடத்திலேயே வரிசையாக இருக்கும் போபால், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று இறங்கி ஏறிப் பார்த்தோம். நான், மனைவி, மாமியார் என்று மூன்று பேர். தில்லியை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த இரண்டாவது வழியைத்தான்.

முக்கோணத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. செங்கோட்டை, ஹுமாயூன் கல்லறை, தாஜ்மகால், ஆமேர் கோட்டை, ஹவா மகால் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றின் பெருமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கணக்கு முழுக்க டிக்கெட்டில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னை சென்ட்ரலில் ஏறினால் தில்லி சுமார் 2,180 கிலோமீட்டர். அந்த வண்டி ஆக்ராவில் நின்றுதான் போகிறது. நாம் தூக்கத்திலேயே ஆக்ராவைத் தாண்டி, இன்னும் 195 கிலோமீட்டர் போய்த் தில்லியில் இறங்குகிறோம். இரண்டு நாள் கழித்து அதே தண்டவாளத்தில் ஆக்ராவுக்குத் திரும்பி வருகிறோம். அங்கிருந்து ஜெய்ப்பூருக்கு இன்னொரு டிக்கெட், ஜெய்ப்பூரிலிருந்து தில்லிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு இன்னொன்று, கடைசியில் ஊர் திரும்ப ஒன்று. இப்படித் துண்டு துண்டாக டிக்கெட் எடுப்பதில் எவ்வளவு காசு போகிறது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

ரயில் கட்டணம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு ஆகும் காசு குறையும். ஒரே டிக்கெட்டாக 2,000 கிலோமீட்டர் போவதற்கும், அதையே நாலாக உடைத்துப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. இதோடு இன்னொன்றும் உண்டு. ஸ்லீப்பரில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குவார்கள். மூன்றடுக்கு ஏ.சி.யில் அது 300 கிலோமீட்டர். ஜான்சியிலிருந்து குவாலியர் வெறும் 97 கிலோமீட்டர்தான். அதற்கு ஸ்லீப்பர் எடுத்தால் பாதிக்கு மேல் போகாத தூரத்துக்குக் கொடுத்த காசு.

இதற்கு வழி ரயில்வே விதியிலேயே இருக்கிறது: பிரேக் ஜர்னி. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டில், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் இறங்கித் தங்கலாம். 1,000 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு இடத்தில் இறங்கலாம். ஒவ்வோர் இடத்திலும், வந்த நாளையும் கிளம்பும் நாளையும் சேர்க்காமல் இரண்டு நாள். ராஜதானி, சதாப்தி மாதிரி வண்டிகளில் இது கிடையாது. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்குத்தான். அதனால் சென்னையிலிருந்து ஆக்ரா வரைக்கும் ஒரே டிக்கெட், போபாலிலும் ஜான்சியிலும் இறங்கல் என்று முடிவு செய்தோம். கவுண்டரில் படிவத்தோடு வழித்தடத்தையும் தேதிகளையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். வேலை முடிய அரை மணி நேரம் ஆனது, அதனால் கூட்டம் இல்லாத மதிய வேளையில் போவது நல்லது. முன்பதிவுக் கட்டணம் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிதான். ஆனால் தூரத்துக்கான காசு மொத்தமாக ஒரே நீளக் கணக்கில் போட்டார்கள். இறங்குகிற ஸ்டேஷனில் டிக்கெட்டைக் காட்டிக் குறிப்பு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்துவிடாதீர்கள்.

ஜெய்ப்பூர் இந்தத் தடத்துக்கு வெளியே இருப்பதால் முக்கோணத்தில் இதைச் செய்ய முடியாது. நேர்கோட்டில் அந்த நீள டிக்கெட்டில் ஒரு கிலோமீட்டர்கூட வீணாகப் பின்னால் வருவதில்லை.

சரி, டிக்கெட் மலிவு என்பதற்காகச் சுமாரான ஊர்களைப் பார்த்துவிட்டு வந்தோமா என்றால், இல்லவே இல்லை.

போபாலில் தங்கி, 46 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சாஞ்சிக்குப் போனோம். காலையில் ஸ்டேஷன் எதிரே போஹாவும் ஜிலேபியும். நம்ம அவல் உப்புமாதான், மேலே சேவு தூவி, பக்கத்தில் சூடான ஜிலேபி. மாமியார் முதலில் முகம் சுளித்தார், மறுநாள் அவரே கேட்டு வாங்கினார். சாஞ்சி சின்ன ஸ்டேஷன், எல்லா வண்டியும் நிற்காது. இறங்கினால் ஸ்தூபம் நடந்தே போகிற தூரம். அசோகர் காலத்தில் தொடங்கியது அந்தப் பெரிய ஸ்தூபம். கி.மு. முதல் நூற்றாண்டில் சாதவாகனர் காலத்தில் எழுந்தவை அதன் தோரண வாசல்கள். தெற்கு வாசலின் தூணில், விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர்கள் செய்து கொடுத்தது என்று ஒரு பழைய கல்வெட்டு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், யானையின் மேல் விரிப்பில் உள்ள மடிப்பும், ஊர்வலத்தில் நிற்பவர்களின் தலைப்பாகை முடிச்சும் ஏன் அவ்வளவு நுணுக்கம் என்று புரிகிறது. தந்தத்தில் பழகிய கை கல்லில் வேலை செய்திருக்கிறது. அந்த ஒரு தூணின் முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம் நின்றோம். தாஜ்மகாலில் அப்படி ஒரே இடத்தில் நிற்கக் கூட்டம் விடாது.

ஜான்சியில் மூன்று இரவு ஒரே லாட்ஜ். பெட்டியைக் கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை. முக்கோணத்தில் எட்டு நாளில் நாலு முறை அறை மாறியது நினைவுக்கு வந்தது. ஒரு நாள் ஜான்சிக் கோட்டையும் ஓர்ச்சாவும். ஓர்ச்சா பதினாறு, பதினேழு கிலோமீட்டர்தான், பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கிறது. அங்கே ராமர் கடவுளாக மட்டும் இல்லை, அரசராகவும் இருக்கிறார். ராம ராஜா கோயிலில் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு மரியாதை செலுத்துகிறார்கள். மாமியாருக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த இடம் அதுதான்.

அடுத்த நாள் குவாலியர், போக வர முன்பதிவில்லாத டிக்கெட்டில். இங்கே கோட்டைக்கு ஏற இரண்டு பக்கம் உண்டு. வண்டிகள் மேற்கே உர்வாய் வாசல் வழியாகப் போகும். பாறையிலேயே வெட்டிய பெரிய சமணத் தீர்த்தங்கரர் சிலைகள் அந்தப் பக்கம் இருக்கின்றன. மனைவியும் மாமியாரும் ஆட்டோவில் அப்படிப் போனார்கள். நான் கிழக்கு வாசலில் இறங்கி நடந்து ஏறினேன். காரணம், அந்த ஏற்றத்தில்தான் சதுர்புஜர் கோயில் இருக்கிறது. ஒரே பாறையில் குடைந்த சிறிய கோயில், பலர் நிற்காமலே தாண்டிப் போகிறார்கள். உள்ளே 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கோயிலுக்கு விட்ட பூந்தோட்டம் 270 முழம் நீளம், நாளும் 50 மாலை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அந்த 270இலும் 50இலும் கடைசியில் ஒரு குட்டி வட்டம். மற்ற எண்களைவிடச் சிறியது. இந்தியாவில் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சுழியங்களில் ஒன்று அது. பூக்கணக்கு எழுத வந்த இடத்தில் அது இருக்கிறது என்பது எனக்கு இன்னும் மலைப்பாக இருக்கிறது. அப்புறம் மேலே, மான் சிங் தோமர் கட்டிய மான் மந்திர் அரண்மனைச் சுவரில் நீல ஓடுகளும் மஞ்சள் வாத்து வரிசையும் தெரிகிற இடத்தில் மூவரும் சேர்ந்துகொண்டோம்.

இந்தத் தடத்தில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருவது. ஜான்சிக் கோட்டையில் ராணி லட்சுமிபாய் குதிரையோடு குதித்துத் தப்பியதாகச் சொல்லும் இடத்தைக் காட்டுகிறார்கள். 1858 ஜூனில் அவர் உயிர்விட்டது குவாலியரில், சமாதியும் அங்கேதான். ஒருநாள் அதைப் பார்த்து, மறுநாள் இதைப் பார்க்கும்போது, பள்ளிக்கூடத்தில் ஒரு பத்தியில் படித்தது கண் முன்னால் நீண்டு கிடக்கிறது.

ஆக்ரா இரண்டு வழிக்கும் பொது என்பதால் சுருக்கமாக முடிக்கிறேன். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது. இந்தியர்களுக்கு 50 ரூபாய், நடுக் கல்லறை மண்டபத்துக்கு ஏற இன்னும் 200. அரை நாள் மிச்சம் இருந்தால் யமுனையின் அக்கரையில் இதிமாத்-உத்-தௌலா கல்லறையைப் பாருங்கள்.

முக்கோணம் ஜெயிக்கிற இடங்களும் உண்டு. ஊருக்குள் சுற்றுவது அங்கே மிகச் சுலபம். தில்லியில் மெட்ரோ எங்கும் போகிறது. ஜெய்ப்பூரிலும் இப்போது ரயில் நிலையத்திலிருந்தே மெட்ரோ ஏறி 'படி சௌபட்' நிறுத்தத்தில் இறங்கினால் ஹவா மகால் சில நிமிட நடை. ஜான்சி, குவாலியரில் ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்டோவோடு பேரம் பேச வேண்டும், இந்தி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதி இதில் போய்விட்டது. தங்கும் இடங்களும் முக்கோணத்தில்தான் அதிகம், குறைந்த வாடகையிலும் சுத்தமாகக் கிடைத்தன. சின்னக் குழந்தைகளோடு முதல்முறை வடக்கே போகிறவர்களுக்கு நான் முக்கோணத்தையே சொல்வேன்.

2019இல் பனிமூட்டத்தில் வண்டி ஐந்து மணி நேரம் தாமதமாகி ஆக்ராவில் பாதி நாள் போனது. அது மாதத்தின் குற்றம், வழியின் குற்றம் இல்லை. எந்த வழியில் போனாலும் டிசம்பர் கடைசியையும் ஜனவரியையும் தவிர்த்துவிடுங்கள். கோடையில் இந்தத் தடத்தில் நான் போனதில்லை, அதனால் மே மாதத்துக்கு என் பேச்சை நம்ப வேண்டாம். போபாலில் தங்கியும் பீம்பேட்கா குகைகளுக்குப் போக நேரம் போதவில்லை.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறந்த அன்றே ஆக்ராவிலிருந்து சென்னைக்குப் பார்த்தபோது எங்களுக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டியது. புதுதில்லியிலிருந்து சென்னை என்று எடுத்து, ஏறும் இடத்தை ஆக்ரா என்று மாற்றிக்கொண்டோம். அந்த 195 கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் கட்டினோம், ஆனால் நீண்ட டிக்கெட்டின் வால் பகுதி என்பதால் கூடுதல் காசு கொஞ்சம்தான். மூன்று பெர்த்தும் உறுதியாகக் கிடைத்தன, மாமியாருக்குக் கீழ் பெர்த்.