கோர்தா, ரூசியோனா?

தென் பிரான்சின் லூபெரோன் பகுதியில் இந்த இரண்டு மலையூர்களுக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் அரை நாள்தான் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

கோர்த் தூரத்தில் இருந்தே மனதை அள்ளிவிடும். ஊருக்குள் நுழையும் முன் சாலை வளைவில் நின்று பாருங்கள்: சாம்பல் கலந்த வெளிர் கல் வீடுகள் படிப்படியாக ஏறி, உச்சியில் கோட்டையில் போய் முடியும். பக்கத்திலேயே 1148-இல் நிறுவப்பட்ட செனாங்க் மடாலயம். ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை அதன் முன்னால் லாவெண்டர் பூத்துக் கிடக்கும். உள்ளே கடைகளும் விலையும் கொஞ்சம் மிரட்டும். செவ்வாய்க்கிழமை சந்தை நாள், வண்டி நிறுத்தவே திண்டாட வேண்டும்.

ரூசியோன் அப்படி இல்லை, கிட்டே போகப் போகத்தான் பிடிக்கும். ஊரே காவி மண்மேல் நிற்கிறது. சுவர்ப் பூச்சிலும் அதே மண்தான். ஒரு வீடு மஞ்சள், அடுத்தது செம்மஞ்சள், அதற்கடுத்தது செங்கல் சிவப்பு. மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு தரும் நிறம் அது. பழைய காவிக் குழிகளுக்குள் கட்டணப் பாதை ஒன்று போகிறது. சிறு சுற்றுக்கு அரை மணி நேரம் போதும். வெள்ளைச் செருப்பு மட்டும் வேண்டாம், அந்தப் பொடி லேசில் போகாது. இரண்டாம் உலகப் போரில் ஐரிஷ் எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் ஒளிந்து வாழ்ந்ததும் இந்த ஊரில்தான்.

என் ஓட்டு ரூசியோனுக்கே. கோர்தை அந்த வளைவில் இருந்தே ஆசை தீரப் பார்த்துவிடலாம். ரூசியோனுக்குள் இறங்கி நடக்க வேண்டும், அதுவும் வெயில் சாயும் நேரத்தில்.